அளவு தப்பிய ஆள்

எனக்குப் பேசி முடித்த பிறகுதான் யோசனை வரும். மூளையின் புறணியில், நெற்றிக்குப் பின்னால் இருக்கிற பகுதிதான் மனிதனை "பொறு, இதைச் சொல்லாதே" என்று தடுக்கிறது என்று வருடத்துக்கு நூற்றைம்பது பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். என்னுடைய அந்தப் பகுதி சாப்பிடப் போயிருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் ஆபிரகாம் சார் மீட்டிங் போடுவார்.

ஆபிரகாம் சார் எங்கள் உடற்கூறியல் துறைத் தலைவர். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் இருக்கும் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் நான் டியூட்டர். பெயர் ஜெயப்பிரியா. டாக்டர் இல்லை, எம்.எஸ்சி. அனாடமி, இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அன்றைய மீட்டிங்கில் சார் ஒரு கேட்டலாக்கைப் பிரித்து, புதிதாகத் திறக்கப்போகும் மியூசியத்துக்கு இதை வாங்கலாம் என்று ஒரு பிளாஸ்டிக் பொம்மையைக் காட்டினார். நான் உடனே, மகாபலிபுரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டெல்லியிலிருந்து பிளாஸ்டிக் வரவழைத்தால் ஊரே சிரிக்கும் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ரசனை என்று ஒன்று இருந்தால் இதெல்லாம் தானாகத் தோன்றும் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"சரிம்மா, நீயே கல்லுல செஞ்சுட்டு வா. ஆறு வாரத்துல திறப்பு விழா. உன்ன நிரந்தரம் பண்ற ஃபைல் என் மேஜைமேலதான் இருக்கு. விழா முடிஞ்சு எடுத்துப் பாக்கறேன்."

அந்தக் கடைசி வாக்கியம் போதும், ராத்தூக்கம் போக. இதே வாயால் இரண்டு கல்லூரிகளை விட்டு வந்தவள் நான். மூன்றாவதும் போனால் எங்கள் சித்தப்பாவின் டுடோரியலில் பத்தாம் வகுப்புக்கு இதயம் வரைந்து பாகம் குறிக்க வேண்டியதுதான். சித்தப்பாவிடம் வேலை பார்ப்பதைவிட இறந்த உடல்களோடு இருப்பது எவ்வளவோ மேல்.

செய்ய வேண்டிய பொம்மை என்ன என்று சொல்லிவிடுகிறேன். மூளையின் மேல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் ஒரு சாம்பல்நிறப் போர்வை இருக்கிறது, அதுதான் புறணி. விரித்துப் போட்டால் தினசரித்தாளின் ஒரு பக்கம் அளவுக்கு வரும். மண்டைக்குள் அடங்க வேண்டுமே என்று கசக்கி மடித்துத் திணித்து வைத்திருக்கிறது. உச்சியிலிருந்து காதுப் பக்கம் ஒரு பள்ளம் இறங்கும். அந்தப் பள்ளத்துக்குப் பின்னால் இருக்கிற பட்டையில்தான் உடம்பை எங்கே தொட்டாலும் செய்தி வந்து சேரும். ஆனால் அங்கே இடம் பிரித்துக் கொடுத்திருப்பதில் நியாயமே கிடையாது. உதட்டுக்கும் நாக்குக்கும் விரல்களுக்கும் ஏக்கர் ஏக்கராக இடம். இத்தனை பெரிய முதுகுக்கு அரை கிரவுண்டு மனைகூட இல்லை. அந்தப் பங்கீட்டின்படி ஒரு மனிதனைச் செய்தால், தட்டு மாதிரி உள்ளங்கையும் தொங்குகிற உதடும் வெளியே நீட்டிய நாக்கும் குச்சி உடம்புமாக இருப்பான். புத்தகத்தில் படம் உண்டு. அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு தேசப்பனிடம் போனேன்.

தேசப்பனின் பட்டறை ஐந்து ரதம் போகிற வழியில் ஒரு தகரக் கொட்டகை. அவர் கொக்கிலமேட்டு மீனவர் வீட்டுப் பிள்ளை. படகில் ஏறினால் கரை மறைவதற்குள் வாந்தி எடுத்துவிடுவார் என்பதால் பதினாலு வயதிலேயே வீட்டார் அவரைக் கல்லிடம் ஒப்படைத்துவிட்டார்கள். பரம்பரைச் சிற்பிகளாவது ஒரு நெல் அகலம் முன்னே பின்னே போவார்கள். தேசப்பன் போகமாட்டார். வெளியிலிருந்து வந்து கற்றுக்கொண்டவர் இல்லையா, சாஸ்திரம் அவர் வாயில் அப்படியே இருக்கும். முகத்தின் நீளம் ஒரு தாலம். உயரம் சாமிக்குப் பத்து தாலம், மனிதருக்கு எட்டு, பூதத்துக்கு நாலு. உள்ளங்கை அடியிலிருந்து நடுவிரல் நுனிவரை சரியாக ஒரு தாலம். இதில் பேச்சே இல்லை.

படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இது பூதமா, மனுசனா டாக்டரம்மா?"

நான் டாக்டர் இல்லை என்றேன். பூதமும் இல்லை என்றேன். மனிதன்தான், நீங்களும் நானும் ஊரில் இருக்கிற எல்லாரும் இவன்தான் என்று புறணியைப் பற்றி அரைமணி நேரம் கையை ஆட்டி ஆட்டிப் பாடம் நடத்தினேன். அவர் தலையாட்டிக்கொண்டே ஒரு மாக்கல்லைக் கோலால் அளந்தார். தலையாட்டினாரே, புரிந்தது என்றுதானே யாரும் நினைப்பார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் சிலை ஈரச் சாக்குக்குள் இருந்தது. கடைசியாகக் கண்ணைச் செதுக்கித் திறக்கிற வரைக்கும் தேசப்பன் எந்த வேலையையும் செய்யச் சொன்னவர் கண்ணில் காட்டமாட்டார். சாமி சிலைக்கு மற்றவர்கள் செய்வதை இவர் எல்லாவற்றுக்கும் செய்வார். கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டுக்குச் செய்து கொடுத்த தவளைக்குக்கூடக் கற்பூரம் காட்டிக் கண்ணாடி பிடித்துத்தான் கண் திறந்தாராம். நான் சாக்கின் ஓரத்தைத் தூக்கப் போனபோது அவர் மனைவி ஆதியம்மாள் என் கையில் வறுத்த நெத்திலியைத் திணித்து வெளியே அனுப்பிவிட்டார். பட்டறைக்குப் பக்கத்திலேயே அவருடைய மீன் கடை. பேசிக்கொண்டே, மீனைப் பார்க்காமலே, விரலால் தடவி முள்ளை எடுத்துப் போடுகிற ஆள். நெத்திலி நன்றாக இருந்தது. அதைச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன் பாருங்கள், அதுதான் என் முட்டாள்தனம்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு விழா. வெள்ளிக்கிழமை காலையில் கண் திறப்புக்கு வரச் சொன்னார்கள். தேசப்பன் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, சாக்குக்குள் கையை விட்டுச் சின்ன உளியால் இரண்டு தட்டு தட்டினார். ஆதியம்மாள் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தார். கற்பூரம் எரிந்தது. சாக்கு விழுந்தது.

மூன்றடி உயரத்தில் ஓர் ஆண்மகன் நின்றான். அகன்ற தோள், இறங்கிய இடுப்பு, உதட்டில் ஒரு சிரிப்பு, இடுப்பில் ஒன்றும் உயர்த்தி ஒன்றுமாக அளவெடுத்த கை, அளவெடுத்த கால். அவன் மட்டும் உயிரோடு எங்கேயாவது நடமாடியிருந்தால் என் அம்மா அன்றைக்கே ஜாதகம் கேட்டு அனுப்பியிருப்பாள்.

"படத்துல அளவு தப்பா இருந்துச்சு டாக்டரம்மா. எவனோ அவசரத்துல போட்டுகீறான். மனுசன்னு சொன்னீங்கல்ல, எட்டு தாலத்துல நானே சரி பண்ணிட்டேன்" என்றார் தேசப்பன். அந்த முகத்தில் அவ்வளவு பெருமை.

நான் அடுத்துப் பேசியதை இங்கே எழுத முடியாது. தகரக் கூரைமேல் இருந்த காக்கைகள் எழுந்து போனது நினைவிருக்கிறது. சாலையில் போன கல்பாக்கம் அணுமின் நிலைய ஸ்டாஃப் பஸ்ஸில் இரண்டு விஞ்ஞானிகள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்ததும் நினைவிருக்கிறது. தேசப்பன் அசையவில்லை. கை இவ்வளவு பெரிதாக இருந்தால் அந்த ஆள் எப்படிச் சட்டை போடுவான் என்று திருப்பிக் கேட்டார். தப்பான அளவில் சிலை செய்து கொடுத்தால் பட்டறைக்கு ஆகாது, வேறு ஆளைப் பாருங்கள் என்றும் சொல்லிவிட்டார்.

என் வாய் இனி உதவாது என்று தெரிந்தது. அங்கே மேடைமேல் அவருடைய கவராயம் கிடந்தது. இரண்டு கூர்முனை உள்ள அளவுக் கருவி. அதை எடுத்துக்கொண்டு, பனியனைக் கழற்றிவிட்டுத் திரும்பி உட்காருங்கள் என்றேன். ஆதியம்மாள் மீன் வெட்டுவதை நிறுத்தினார்.

முனைகளில் சிலைக்குக் குறி வைக்கிற காவியைத் தொட்டு, இரண்டு விரற்கடை அகலம் விரித்து, இரண்டையும் ஒரே நேரத்தில் அவர் முதுகில் வைத்தேன். எத்தனை முனை குத்துகிறது என்று கேட்டேன். ஒன்று என்றார். இடம் மாற்றி வைத்தேன். மறுபடியும் ஒன்றுதான், இதென்ன விளையாட்டு என்றார்.

"யோவ், ரெண்டு முனையும் குத்திகினு கீது" என்றார் ஆதியம்மாள்.

தேசப்பன் நம்பவில்லை. பெண்டாட்டியும் டாக்டரம்மாவும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்தார். கண் திறக்கப் பிடித்த கண்ணாடியை ஒருவர் முன்னும், சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியை ஒருவர் பின்னும் பிடித்து அவர் முதுகை அவருக்கே காட்டினோம். காவிப் புள்ளிகள் ஜோடி ஜோடியாக நின்றன. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மூடச் சொல்லி, கவராயத்தை ஒரு நெல் அகலத்துக்குக் குறுக்கி, விரல் நுனியில் வைத்தேன். சட்டென்று இரண்டு என்றார். இன்னும் குறுக்கினேன், அதிலும் இரண்டு. ஆதியம்மாள் தன் மீன் கையையும் நீட்டினார். அவருக்கு அதைவிடக் குறுகலாக வைத்தும் இரண்டு தெரிந்தது. அதில் அவர் புருஷனை ஒரு பார்வை பார்த்தார்.

வேறு எந்தக் கருவியாக இருந்தாலும் தேசப்பன் சந்தேகப்பட்டிருப்பார். இது அவருடைய கவராயம். முப்பது வருடம் அவரிடம் பொய் சொல்லாதது.

கல்மேல் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டார். "இம்மா நாளா இந்த முதுகு சும்மாவே கூட வந்துகினு கீதா" என்றார். பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல், "அப்ப மூளை வேற தாலம் வெச்சிகினு கீது" என்றார்.

நான் ஐந்து வருடமாக வகுப்பில் சொல்லத் திணறுகிற விஷயம். இந்த மனிதர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். எனக்குப் பொறாமையாக இருந்தது.

அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. புதுக் கல்லுக்கு நேரமில்லை. கல்லில் ஒட்டவும் முடியாது, எடுக்கத்தான் முடியும். சரி, கையைப் பெரிதாக்க வேண்டாம், கையை அப்படியே விட்டுவிட்டு உடம்பைச் சின்னதாக்குவோம் என்றார். உதட்டை விடு, மண்டையைக் குறை. தொடையிலேயே பாதத்தைச் செதுக்கு, அதற்குக் கீழே காலை வெட்டிவிடு. கை கனத்தில் ஒடிந்துவிடாமல் பின்னால் கொஞ்சம் கல்லை முட்டுக்கு விட்டு வைக்கலாம். மாக்கல் மிருதுவானது, இரண்டு பகல் போதும். எழுந்து நின்று சிலையைச் சுற்றிக் காவியால் கோடுகூடப் போட்டுவிட்டார். அப்புறம் அதன் முகத்தைப் பார்த்தார். காவிக் கட்டி கையிலிருந்து கீழே விழுந்தது.

"கண்ணு தொறந்தாச்சே. தொறந்த செலைமேல உளி வெச்சா அது கொலைம்மா."

கெஞ்சினேன். வேலை போய்விடும் என்றேன். அவருக்கும் வருத்தம்தான், ஆனால் செய்யமாட்டேன் என்றுவிட்டார். ரிசார்ட் தவளையின் ஒரு காலை மாற்றச் சொல்லி மேனேஜர் வந்தபோதும் இதையேதான் சொன்னாராம். அந்தத் தவளை இன்றைக்கும் கோணலாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. சித்தப்பாவின் டுடோரியலும், சாக்பீஸ் தூளும், நாலு அறை இதயமும் கண்முன்னே வந்தன. அழுகை முட்டியது. நான் அழுதால் கோபமாகத்தான் அழுவேன்.

"கண்ணாம் கண்ணு. பாக்கறது கண்ணே இல்ல, தெரியுமா? வெளிச்சத்த உள்ள அனுப்புறதோட கண்ணு வேல முடிஞ்சுது. பாக்கறது பின்மண்டை. அங்க இருக்கற புறணி கெட்டுப்போனா ரெண்டு கண்ணும் நல்லா இருந்தாலும் ஆள் குருடு."

வயிற்றெரிச்சலில் சொன்னதுதான். ஆனால் அது எங்கேயோ போய்ப் பட்டது. மீன் வெட்டுகிற சத்தம் நின்றது. ஆதியம்மாள் மெதுவாகத் தன் பின்தலையைத் தொட்டுப் பார்த்தார். போன வருடம் கரையில் ஐஸ் பெட்டிமேல் வழுக்கி மல்லாந்து விழுந்தது ஞாபகம் வந்துவிட்டது அவருக்கு.

"அடி பட்டது பின்மண்டைல. பட்டப்பகல்ல கண்ணு முன்னால நட்சத்திரமா பறந்துச்சு. கண்ணுல ஒரு தூசிகூட படல. நான் அப்பவே சொன்னேன், இந்த ஆளு கேக்கல" என்றார்.

தேசப்பன் எழுந்தார். சிலையை மூன்று சுற்று சுற்றினார். மூன்றாவது சுற்றில் பின்னால் நின்று, சுருள் சுருளாகச் செதுக்கிய முடியை விரலால் தடவினார். அங்கே கண் இல்லை. எந்தச் சாஸ்திரத்தில் தேடினாலும் இருக்காது.

"இங்க தொறக்கல" என்றார். "அப்ப இவன் இன்னும் பாக்கல."

அவ்வளவுதான். சிலை கண் திறக்காத சிலையாகிவிட்டது. ஈரச் சாக்கை எடுத்து மறுபடி அதன்மேல் போர்த்தினார். இதை நான் எங்கேயும் கட்டுரையாக எழுதவில்லை. எழுதினால் எம்.எஸ்சி. பட்டத்தையும் திரும்பக் கேட்பார்கள்.

சனிக்கிழமை விடிந்ததும் வேலை ஆரம்பமானது. கண் திறக்காததைச் செய்யச் சொன்னவர் பார்க்கக்கூடாது என்பது மாறவில்லை. அதனால் நடுவில் ஒரு சாக்குத் திரை கட்டி என்னை இந்தப் பக்கம் உட்காரவைத்தார்கள். அவர் தலை மட்டும் திரைக்குமேல் தெரியும். முதலில் தோள் போனது. கல் அறுக்கிற கிரைண்டரின் சத்தத்தோடு வெள்ளைத் தூள் திரைக்குமேல் எழுந்தது. நேற்று அந்த ஆளைத் திட்டிய நானே இன்று அவன் தோளுக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல தோள்.

வேலைக்கு நடுவே தேசப்பன் அடிக்கடி கிரைண்டரை நிறுத்திவிட்டு, இன்னொரு வாட்டி சொல்லுங்கம்மா என்பார். உதட்டுக்கு எவ்வளவு இடம், கட்டைவிரலுக்கு எவ்வளவு, நாக்கு எங்கே வரும். நானும் உற்சாகமாக எழுந்து நின்று கையை விரித்து எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்வேன். புரியவில்லையா என்றால் புரியுது, சொல்லுங்க என்பார். நேற்று ஒத்துக்கொள்ளவில்லையே என்று பழையதைக் கிளறித் திட்டினால் இன்னும் கவனமாகக் கேட்பார். இரண்டு நாளில் பதினைந்து தடவையாவது புறணியைப் பற்றிப் பேசியிருப்பேன். இப்படி அறிவுத்தாகம் உள்ள ஒரு மாணவனைக் கல்லூரியில் பார்த்ததில்லை என்று ஆதியம்மாளிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் மீன் செதிலைச் சீவிக்கொண்டே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை, ஆதியம்மாளின் தம்பி சுதாகர் மீன் ஏற்றுகிற தன் லோடு ஆட்டோவில், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் சிலையைச் சாக்கோடு படுக்க வைத்துக் கொண்டுவந்து சேர்த்தார். மியூசியத்தில் ஃபார்மலின் நாற்றம் இருந்ததால் மீன் நாற்றத்தை யாரும் கவனிக்கவில்லை. கண் திறப்பை அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று தேசப்பன் சொல்லியிருந்தார். கல்லூரித் தாளாளர் வந்து நின்றதும், தேசப்பன் சாக்குக்குள் கையைவிட்டுச் சிலையின் பின்மண்டையில் உளியால் இரண்டு தட்டு தட்டினார். ஆதியம்மாள் கண்ணாடியைப் பின்பக்கம் பிடித்தார். கண்ணாடியைத் தப்பான பக்கம் பிடிக்கிறாரே என்று பேராசிரியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் கூரையைப் பார்த்தேன்.

சாக்கு விழுந்தது. மேடைமேல் ஒன்றரையடியில் ஒரு ஜந்து நின்றது. குச்சி உடம்பு. குச்சிக் கை, அதன் முனையில் முறம் மாதிரி உள்ளங்கை. ஒன்று இடுப்பில், இன்னொன்று கட்டைவிரலை நீட்டிக்கொண்டு வானத்தில். வாய் பிளந்து, உதடு மடிந்து, நாக்கு வெளியே வந்து, யாரையோ பிடித்துக் கிழித்துக்கொண்டிருந்தது.

தாளாளருக்கு அனாடமி தெரியாது. பல ஊர்களில் அவருக்குக் கட்டடங்கள் உண்டு. "இன்னாம்மா இது, திருஷ்டி பொம்மையா? புதுக் கட்டடத்துல கட்டறதா?" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். ஆபிரகாம் சார் சிரிக்கவில்லை, அது இன்னும் மோசம். நான் வாயைத் திறந்தேன், முதல் முறையாக ஒன்றும் வரவில்லை.

தேசப்பன் வேட்டி மடிப்பிலிருந்து கவராயத்தை எடுத்தார்.

"ஐயா, சட்டைய கொஞ்சம் கழட்டுங்க" என்றார்.

என் ஃபைல் காற்றில் பறந்து செங்கல்பட்டு கொளவாய் ஏரியில் விழுவது எனக்குத் தெரிந்தது. ஆனால் கையில் கூரான கருவியோடு ஒரு மனிதர் அவ்வளவு மரியாதையாகக் கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள் போலிருக்கிறது. தாளாளர் மாலையைக் கழற்றிவிட்டுச் சட்டையைத் தூக்கினார். தேசப்பன் இரண்டு முனையையும் வைத்து எத்தனை என்று கேட்டார். ஒன்று என்றார் தாளாளர். இரண்டு சார் என்று அறுபது பிள்ளைகள் கத்தினார்கள். தாளாளர் கோபமாகத் திரும்பி, நீ உட்காரு என்று ஆபிரகாம் சாரை உட்காரவைத்து, கவராயத்தை வாங்கி அவர் முதுகில் தானே வைத்துப் பார்த்தார். முப்பது வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிற ஆபிரகாம் சார் யோசித்து, தயங்கி, ஒன்று என்றார். அதற்கப்புறம் மியூசியத்தில் சட்டையோடு ஓர் ஆணும் இல்லை. பெண் பிள்ளைகள் விரல் நுனியில் யாருக்கு நுணுக்கம் அதிகம் என்று போட்டி வைத்தார்கள். ஆதியம்மாளை யாராலும் ஜெயிக்க முடியவில்லை.

பின்மண்டையில் எதற்கு இரண்டு கண் என்று தாளாளர் கேட்டபோது எனக்குக் குரல் திரும்பியிருந்தது. பார்வைக்கான புறணி அங்கேதான் இருக்கிறது என்று, ஒரு கையை இடுப்பில் வைத்து, இன்னொரு கையின் கட்டைவிரலை நீட்டி விளக்கினேன். பாதியில் விரல் நுனிப் போட்டி நின்றுபோனது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், பிறகு சிலையைப் பார்த்தார்கள், திரும்ப என்னைப் பார்த்தார்கள்.

நானும் சிலையைப் பார்த்தேன். அந்தப் புருவம். அந்த மூக்கு. வலது பக்கம் கொஞ்சம் ஏறுகிற அந்த மேலுதடு. தினமும் காலையில் பல் தேய்க்கும்போது நான் பார்க்கிற உதடு.

தேசப்பன் தரையைப் பார்த்தபடி நின்றார். "வாயும் கையும் மட்டுமே இருக்கிற ஆளு வேணும்னு சொன்னீங்க. எதிர்ல நீங்க நின்னுகினு இருந்தீங்க. நான் வேற எங்கம்மா போறது" என்றார்.

ஆபிரகாம் சார் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சிலையை ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு என்னையும் ஒரு சுற்று சுற்றினார். ஃபைலை மியூசியத்துக்கே கொண்டுவரச் சொல்லி, சிலை நிற்கிற மேடைமேல் வைத்து, அதன் நீட்டிய நாக்குக்குக் கீழேயே கையெழுத்துப் போட்டார்.

"அளவு சரியா இருக்கு" என்றார். அந்த மனிதருக்கும் ரசனை இருந்திருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒவ்வொரு பிள்ளையிடமும், புறணியின் தொடு உணர்வுப் பட்டையில் அதிக இடம் பிடிப்பது எது என்று கேட்டார். வழக்கமாகப் பாதிப்பேர் திணறுகிற கேள்வி. இந்தத் தடவை ஒருவரும் திணறவில்லை. யாரும் மேஜைமேல் இருந்த மூளையைக்கூடப் பார்க்கவில்லை. தேர்வாளருக்குப் பின்னால் நின்ற என்னை ஒரு தடவை பார்த்தார்கள். உதடு, நாக்கு, கை, முக்கியமா கட்டைவிரல் சார் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லாரும் பாஸ்.

இவ்வளவு தெளிவாக எப்படி நடத்தினீர்கள் என்று தேர்வாளர் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார். சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, மெதுவாகத் தலையை மட்டும் ஆட்டினேன். என் நெற்றிக்குப் பின்னால் இருக்கிற பகுதி அன்றைக்குத்தான் முதல் முறையாக நேரத்துக்கு வேலைக்கு வந்திருந்தது.